இடப்பக்கத்து ஆவுடையம்மாள்

எங்கள் வீட்டின் இடப்பக்கம் போய்விட்டது. இடிந்து விழவில்லை. யாரும் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. இல்லை, அவ்வளவுதான்.

முதலில் போனவர் அடுத்த வீட்டு வள்ளிநாயகம். அவர் என்னிடம் ஏணி இரவல் வாங்கியிருந்தார். அதனால் அவர் கண்ணில் படாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏணி வாங்கினவர்கள் பொதுவாகக் கண்ணில் படுவதில்லை. பிறகு அவர் வீட்டுச் சுவர் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படி. அப்புறம் டிவி. டிவி போன பிறகும் செய்தி வாசிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் முன்பும் பார்க்க ஒன்றும் இருந்ததில்லை என்று விட்டுவிட்டேன்.

கடைசியாகப் போனவள் என் மனைவி ஆவுடையம்மாள்.

அவள் ஒரேயடியாகப் போகவில்லை. எனக்கு எப்போதும் இடப்பக்கம் நின்றுதான் பரிமாறுவாள். ஆனி மாதம் முழங்கை வரை வந்துகொண்டிருந்தாள். ஆடியில் மணிக்கட்டு வரை. ஆவணியில் கரண்டி மட்டும் வந்தது. கரண்டி வரும், சாம்பாரை ஊற்றும், திரும்பிப் போகும். "போதும்" என்று கரண்டியிடம் சொல்வேன். கரண்டி கேட்காது. அதை வைத்து அவள்தான் என்று உறுதி செய்துகொண்டேன்.

நான் இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் இல்லை. திரும்பினேன். இடப்பக்கமும் என்னோடு சேர்ந்து திரும்பிக்கொண்டது. வேகமாகத் திரும்பினேன். அதுவும் வேகமாகத் திரும்பியது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, பம்பரம் விளையாடுதியளா?" என்று இடப்பக்கத்திலிருந்து ஆவுடையம்மாள் கேட்டாள்.

"உன்னத் தேடுதேன்."

"நான் எங்க போனேன்? இங்கனதான நிக்கேன்."

"இங்கனன்னா எங்க?"

"உங்க பக்கத்துல."

"பக்கம் இப்போ இல்லட்டி. கொஞ்சம் முன்னால வந்து நில்லு."

வந்தாள். வளையல் சத்தம் நகர்ந்ததில் தெரிந்தது. ஆனால் அவள் வர வர, இல்லாமல் போன பக்கத்தின் ஓரமும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகள் காணாமல் போயின. பிறகு திங்கள். நான் அவசரமாக, "போதும், போயிரு" என்றேன். அவள் பின்னால் போய்விட்டாள். ஞாயிறும் திங்களும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு வாரம் செவ்வாயில் தொடங்குகிறது.

இவ்வளவு ஆகும் வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். நான் அரசு பஸ் ஓட்டியவன். பஸ்ஸில் இடப்பக்கம் கண்டக்டருடையது. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், தொங்குகிறவர்கள், எல்லாரும் அந்தப் பக்கம்தான். எனக்கு அங்கிருந்து வருவது விசில் மட்டும். ஒரு விசில் என்றால் நிற்பேன், இரண்டு என்றால் போவேன். என் சர்வீஸ் முழுவதும் இடப்பக்கத்தைக் காதால்தான் ஓட்டினேன். ஆகவே வீட்டின் இடப்பக்கம் வெறும் சத்தமாக மாறியபோது, ஓய்வு பெற்ற பிறகும் டியூட்டி கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு சத்தமும் தேய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆவுடையம்மாள், "கண்ணாஸ்பத்திரிக்கு" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவள் பாதியில் பேச்சை நிறுத்துகிறவள் அல்ல. மீதி ஓரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உடனே வேட்டி மாற்றினேன்.

பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட் கொடுத்தார். பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து, "அம்மாவுக்கு இலவசம்" என்று இன்னொன்றைக் கிழித்து நீட்டினார். டிக்கெட் ஓரத்தைத் தாண்டி உள்ளே போயிற்று. அவளும் வருகிறாள் என்று தெரிந்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

கண்ணாஸ்பத்திரியின் நடை, வாசலில் லாரி போகிற அகலம் இருந்தது. நடக்க நடக்கக் குறுகியது. டாக்டர் அறைக்கு முன்னால் அது ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான். என்னைப் போன்றவர்கள் நடந்து நடந்து அப்படி ஆகிவிட்டது என்று காவலாளி சொன்னார். ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடிக்கும்போது அகலப்படுத்துவார்களாம்.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பெரியவர் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். பனி அவருடையது. பெஞ்சில் அவர் இடத்தோடு நின்றது. அவர் மகள் துண்டால் அதை விலக்கி விலக்கி அவருக்கு காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை. ஊரில் யாரோ, முற்றினால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அவள் நடுநடுவே பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி அவர் நெற்றியைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டாள்.

"முத்திட்டா?" என்றார் அவர்.

"இன்னும் காய்தான்ப்பா."

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து, "இந்தக் காலத்துல யாரும் முத்துறதுக்குக் காத்திருக்கதில்லம்மா" என்று சொல்லி, அவரைப் பனியோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். பெஞ்சில் ஈரம் இருந்தது.

அந்த ஈரத்தைத் தாண்டி என் பக்கத்தில், வலப்பக்கமாக, கல்யாணத் தரகர் தளவாய் வந்து உட்கார்ந்தார். அவரைப் பாளையங்கோட்டை முழுக்கத் தெரியும். கக்கத்தில் குடை, சட்டைப் பையில் இரண்டு ஜாதகம். அவருக்கு நடு இல்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். எதைப் பார்த்தாலும் அதன் நடு காணாமல் போகும், சுற்றிலும் இருப்பது தெரியும்.

"யாரு வே அது? சட்டை தெரியுது, தலை தெரியல" என்றார்.

"நான்தான், டிரைவர்."

"ஓ, டிரைவர் அண்ணாச்சியா! தலை இருக்குல்லா?"

"காலையில இருந்துச்சு."

"எனக்கு ஒருத்தர் முகமும் கிடையாது வே. ரெண்டு வருஷமாச்சு."

"அப்போ தொழில்?"

"முன்னைக்கு இப்போ ஜோரா நடக்கு. பொண்ணு எப்படி இருக்குன்னு கேட்டா, ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியலம்பேன். சத்தியம் பண்ணியே சொல்லுதேன்."

அவருக்கு ஓரம் இருக்கிறது, எனக்கு நடு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரையும் சேர்த்தால் நல்ல கண்ணுள்ள ஒரு ஆள் கிடைப்பார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அண்ணாச்சி, எனக்கு இடப்பக்கம் யாராவது நிக்காவளா?"

அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். ஓரத்தால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"ஒரு அம்மா நிக்காவ. பச்சச் சேல. கையில தூக்குச்சட்டி."

"முகம்?"

"அதான் சொன்னேம்லா. எங்கிட்ட முகம் கேக்காதிய."

"எப்படி இருக்கா?"

"நான் தரகன் வே. நல்லாத்தான் இருக்காவ." கொஞ்சம் நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பப்போ முந்தானைய எடுத்து, முகம் இருக்க வேண்டிய இடத்துல வச்சு ஒத்திக்கிடுதாவ. வேர்க்குதோ என்னமோ."

ஆஸ்பத்திரியில் ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஒருக்களித்துப் போனேன். டாக்டர் அம்மா என் கண்ணில் ஒரு நீல விளக்கை ஒட்டவைத்து எடுத்தார்.

"பிரஷர் ஜாஸ்தியா இருக்கு."

"காத்தப் பிடுங்கி விட்டுரலாமே."

"இது டயர் இல்ல."

"சரிம்மா."

"வலி இருந்துதா?"

"இல்ல."

"எப்போ இருந்து ஓரம் போகுது?"

"தெரியலம்மா. சொல்லிட்டுப் போகல."

"சொல்லாது. கிளாக்கோமா அப்படித்தான். சத்தம் போடாம ஓரத்துல இருந்து எடுத்துட்டு வரும்."

"நானும் மூணு வருஷமாச் சொல்லுதேன், கண்ணக் காட்டுங்க, கண்ணக் காட்டுங்கன்னு" என்றது இடப்பக்கம். குரல் பக்கத்துத் தெருவிலிருந்து வருவது போல இருந்தது.

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"வீட்டுக்காரி."

"அவருக்குத் தெரியிறீங்களா?"

"கரண்டி தெரியுதுங்காவ."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். இது அவருக்குப் பழக்கப்பட்ட அறிகுறி போலிருந்தது.

"போன பார்வை வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். மருந்து, இருக்கிற இடத்துக்குத்தான் குடுப்போம்."

"இவ இருக்காள்லாம்மா?"

"அதை நான் சொல்ல முடியாது. மெஷின் சொல்லணும். வெளிச்சம் தெரிஞ்சா நீங்க பொத்தானை அழுத்துவீங்க. அழுத்தின இடமெல்லாம் இருக்கு. அழுத்தாத இடம் இல்ல. இல்லாத இடத்தைச் சாயங்காலம் மூடிருவாங்க."

"மூடினா?"

"அந்தப் பக்கத்துச் சத்தமும் வராது."

இடப்பக்கத்தில் தூக்குச்சட்டி மூடி ஒரு தடவை கிணுங்கியது.

மெஷின் இருட்டறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவள் ஜெபக்கனி என்கிற பெண். மெஷினுக்குள்ளே ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம், படுக்கவைத்த மாதிரி. அதற்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

"இடப்பக்கத்து ஆளுங்கல்லாம் பின்வாசல் வழியா உள்ள போங்க" என்று ஜெபக்கனி சத்தம் கொடுத்தாள். "வாசல்ல விளக்கு வச்சிருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. தள்ளாதீங்க."

நிறையக் கால்கள் நடக்கிற சத்தம் கேட்டது. என் இடப்பக்கத்தில் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்.

"வள்ளிநாயகம் அண்ணாச்சியும் இங்கதான் வந்திருக்காவ" என்றாள் ஆவுடையம்மாள், போகிற போக்கில்.

"ஏணியோடயா?"

"ஏணிய இப்பவா கேப்பாவ? சவத்த விடுங்க."

"ஆவுட, இங்க பாரு. விளக்க நல்லா எரிய விடு."

"ஆமா, நான் அணைச்சுட்டுத்தான் மறுவேல பாப்பேன்."

செய்யக்கூடியவள்தான். அதுதான் என் கவலை. ஆவுடையம்மாள் ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியப் பொறுக்க மாட்டாள். ஆள் இருக்கிற அறையிலும் பொறுக்க மாட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்து, "வெளியதான் வெளிச்சமா இருக்கே" என்று சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவாள். அவள் கையில் விளக்கைக் கொடுத்தால் திரியைக் குறைத்துத்தான் பிடிப்பாள்.

ஜெபக்கனி என் மோவாயை ஒரு தாங்கியில் வைத்தாள். நெற்றியைப் பட்டையில் ஒட்டவைத்தாள். கையில் காலிங்பெல் மாதிரி ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"தாத்தா, நடுவுல மஞ்ச லைட்டு தெரியுதா?"

"தெரியுது."

"அதை மட்டும் பாருங்க. ஓரத்துல எங்கயாவது மினுக்குன்னு தெரிஞ்சா அழுத்துங்க. ஆனா தேடக் கூடாது."

"தேடாம எப்படிம்மா தெரியும்?"

"தெரிஞ்சாத் தெரியும். கண்ணு அசைஞ்சா மெஷினுக்குத் தெரிஞ்சிரும். ரொம்ப அசைஞ்சா அதுவே நின்னுரும். அப்புறம் எல்லாத்தையும் மூடிருவாங்க, வலப்பக்கத்தையும் சேத்து."

"எல்லாரும் தேடுவாங்களா?"

"எல்லாரும்தான். வீட்டு ஆளு உள்ள நிக்கும்போது யாரு தேடாம இருப்பா?"

மெஷின் உறும ஆரம்பித்தது. எனக்குப் பழைய லேலண்ட் வண்டியின் ஞாபகம் வந்தது. மஞ்சள் விளக்கை எதிரே வருகிற லாரியின் விளக்காக நினைத்துக்கொண்டேன். கண் அசையவில்லை.

வலப்பக்கத்தில் ஒரு வெளிச்சம் மினுங்கியது. எங்கள் தெருமுனை டீக்கடை. அழுத்தினேன். அதற்கு மேலே ஒன்று. தண்ணீர்த் தொட்டி. அழுத்தினேன். கீழே ஒன்று, என் செருப்பு. அழுத்தினேன். தளவாயின் குடை. ஜங்ஷன். ஒரு எருமை. அந்த எருமையை எனக்குத் தெரியாது. இருந்தாலும் அழுத்தினேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு ஒன்றும் வரவில்லை.

"இப்போ இடப்பக்கம் ஓடுது" என்றாள் ஜெபக்கனி.

கிண்ணத்தின் இடப்பக்கம், கிண்ணமே இல்லாத மாதிரி இருந்தது. நான் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"ஆவுட, எங்க நிக்க?"

"இங்கனதான்." கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"விளக்கு எரியுதா?"

"எரியுது."

"பெருசா வையி."

"பெருசாத்தான் வச்சிருக்கு. முழுசாத் தூண்டி விட்டுருக்கேன். கை சுடுது."

ஆவுடையம்மாள் ஒரு விளக்கை முழுதாகத் தூண்டிவிட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"தெரியுதா உங்களுக்கு?" என்றாள்.

என் கண் இடப்பக்கம் போகப் பார்த்தது. மலைப்பாதையில் ஸ்டியரிங் தானாக இழுக்கும், அந்த மாதிரி. பிடித்து நிறுத்தினேன்.

"தாத்தா, தேடாதீங்க."

"தேடல."

"தெரியுதான்னு கேட்டேன்" என்றது கிணறு.

அழுத்தினேன்.

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். "இப்போ தெரிஞ்சுதா?"

"ஆமா."

"எங்க?"

"இடப்பக்கம்."

மறுபடி அழுத்தினேன். அவள் நடக்கிற சத்தம் கேட்டது, அழுத்தினேன். வளையல் உரசியது, அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை, அதற்கும் அழுத்தினேன். அவள் சும்மா நிற்கிறவளாகவும் இருக்கலாம் அல்லவா?

"தாத்தா, இப்போ லைட்டே போடலயே. பாக்காம அழுத்தாதீங்க."

"பாத்துட்டுத்தான் அழுத்துதேன்."

"என்னத்தப் பாத்தீங்க?"

"பச்சச் சேல" என்றேன். அது தளவாய் பார்த்தது. ஆனாலும் பொய் இல்லை.

மெஷின் நிற்கும் வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் சிவந்துவிட்டது.

முடிவு வந்த தாளை டாக்டர் அம்மா விளக்கில் காட்டிப் பார்த்தார். வலப்பக்கம் ஊராக இருந்தது. இடப்பக்கத்தில், மேலிருந்து கீழ் வரை, எல்லாப் புள்ளியிலும் நான் அழுத்தியிருந்தேன்.

"வெளிச்சம் வராதப்போ எல்லாம் அழுத்தியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"உங்களை நம்ப முடியாதுன்னு மெஷின் எழுதியிருக்கு."

"ஆவுடையும் என்னைய நம்ப மாட்டா. காலம் ஓடத்தான செஞ்சுது."

டாக்டர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். "இங்க பூரா இருக்கிறது ஒரே ஆள்தானா?"

"ஆமா."

"பக்கத்து வீட்டுக்காரர்?"

நான் யோசித்தேன். "அவரு ஏணியில ஏறிப் போயிருப்பாரு."

"சரி. அழுத்தின இடம் இருக்குன்னுதான் விதி. அடுத்த டெஸ்ட் வரைக்கும் மூட மாட்டாங்க. தினம் சாயங்காலம் சொட்டு மருந்து. ஒரு நாளும் விடக் கூடாது. இடப்பக்கத்து ஆளு கையாலதான் போடணும்."

"அவ முன்னால வந்தா ஓரமும் கூட வருதேம்மா. எனக்கு ஏற்கெனவே ஞாயித்துக்கெழம இல்ல."

"முன்னால வர வேண்டாம். நீங்க மல்லாந்து படுங்க. அவங்க தலைமாட்டுல நின்னு மேல இருந்து போடட்டும். மேல இடது வலது கிடையாது."

இதை ஏன் இவ்வளவு நாளும் எங்களுக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். நான் ஒருவனாக நடந்து வந்ததாக எதிர் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவர்களும் கண்ணைக் காட்ட வேண்டியவர்கள்தான்.

சாயங்காலம் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "எதுக்கு வீணா ஓடுது?" என்று ஒரு குரல் கேட்டது. ஃபேன் நின்றது. பிறகு ஃபேனை மறைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் வந்தாள்.

முழுதாக வந்தாள். தலைகீழாக இருந்தாள். நெற்றி கீழே, வாய் மேலே. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருந்தாள். அது எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியாது. மூக்குத்தி இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன, அப்படிப் பாக்குதிய?"

"கண்ணு ஏன் செவந்திருக்கு? மெட்ராஸ் ஐ வந்திருக்கா?"

"ஆமா, மெட்ராஸ் ஐ. வாய மூடிட்டுக் கண்ணத் திறங்க."

திறந்தேன். அவள் கட்டைவிரல் என் கீழிமையை இழுத்துப் பிடித்தது. விரல் நுனி கொப்பளித்திருந்தது. குப்பியின் வாயில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. ஓரம் எங்கேயும் நகரவில்லை.

"சிமிட்டாதிய."

சொட்டு விழுந்தது. நான் சிமிட்டினேன். மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று.

"சிமிட்டாதியன்னு சொன்னேம்லா?"

"கூசிட்டு."

"பச்சப்பிள்ளைகூட ஒழுங்காக் காட்டும். எத்தன தடவ குனிய? இடுப்புல்லா வலிக்கு."

"இன்னொரு சொட்டு விடு."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து வந்தாள். அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. சொட்டு மறுபடி திரண்டது.

"இப்போ சிமிட்டுனா நான் போயிருவேன்" என்றாள்.

போக மாட்டாள். மருந்து இன்னும் கண்ணுக்குள் போகவில்லை.

சிமிட்டினேன்.